ஆர்கனாய்டில் நோரோவைரஸ் பெருகாததற்கு

மேட்ரிஜெல் என்ற புரதக் கூழுக்குள் வளர்ந்த மனிதக் குடல் ஆர்கனாய்டுகளின் (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் குட்டித் திசு உருண்டைகள்) மீடியத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், வாந்தி-பேதி தரும் நோரோவைரஸைச் சேர்த்தும் வைரஸின் ஆர்என்ஏ அளவு ஏறவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வைரஸைச் சந்தேகிக்கும் முன் செல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். குடலில் உணவைத் தொடும் முகம், உருண்டையின் உள்குழியைப் பார்த்து இருக்கும். நீங்கள் விட்ட வைரஸ் வெளியே, அடிமுகத்தில்தான் போய் முட்டுகிறது.

உருண்டைகளைப் பிரித்து, கொலாஜன் பூசிய 96 குழித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். அப்புறம் செல்களை முதிராமல் வைத்திருக்கும் வின்ட்3ஏ என்ற புரதத்தை மீடியத்தில் நிறுத்திச் சில நாள் முதிரவிடுங்கள். முதிர்ந்த என்டரோசைட்டுகளில், அதாவது உணவை உறிஞ்சும் குடல் செல்களில்தான், இந்த வைரஸ் பெருகும். 2016-இல் அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழு இந்த வழியில்தான் பெருக்கிக் காட்டியது. நோரோவைரஸின் ஜிஐஐ.3 ரகத்துக்குப் பித்தநீர் இல்லாமல் நடக்கவில்லை, ஜிஐஐ.4-க்கும் அது கைகொடுத்தது.

இன்னொன்று, பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்: திசு தந்தவரின் எஃப்யூடி2 மரபணு, வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரைகளைக் குடல் செல்லின் மேல் உருவாக்க உதவுவது. அது வேலை செய்யாதவரின் செல்களில் ஜிஐஐ.4 பொதுவாகத் தொற்றாது. மீடியத்தை மாற்றிப் பயனில்லை, வேறொருவரின் ஆர்கனாய்டு வேண்டும்.

தொற்றிய 1 மணி நேரத்தில் கழுவி எடுத்த மாதிரியையும் 72 மணி நேர மாதிரியையும் ஆர்என்ஏ அளவில் ஒப்பிடுங்கள். செயலிழக்கச் செய்த வைரஸையும் ஒப்பீட்டுக்காகக் கூடவே சோதியுங்கள். உங்கள் வைரஸ் எந்த ரகம், சொல்லுங்கள்.