"ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. விளையாட்டு மும்முரத்தில் டவுசரிலேயே போய்விடுகிறான். காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறானே என்று, "ஒண்ணுக்கு வருதாடா?" என்றால் "இல்லம்மா" என்கிறான். ரெண்டே நிமிஷத்தில் நனைந்து நிற்கிறான். பசித்தாலும் சொல்வதில்லை, எரிந்து விழுகிறான். வேணும்னே செய்கிறான், ரெண்டு போடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அடிக்க வேண்டாம் தாயி. அவன் பொய் சொல்லவில்லை. அவருடைய மகன் எத்தனை வயது வரை பாயை நனைத்தார் என்று மாமியாரிடம் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

மூத்திரப்பை நிறைந்து விரிந்ததும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகத்தான் செய்கிறது. மணலில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது உறைப்பதில்லை. மேலூர்ப் பக்கம் அங்கன்வாடியில் 31 வருஷம் இருந்தவள் நான். பாய் அலசிக் காயப்போட்டே பாதி நாள் போயிருக்கிறது.

கோயில் பிரகாரத்தில் கல் சுட்டால் எந்தப் பிள்ளையும் "சுடுது" என்று குதித்துவிடும். வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்லத்தான் வார்த்தை வேண்டும். நம்மிடம் அதற்கா பஞ்சம்? அடிவயிறு முட்டுது, பசி கிள்ளுது, வயிறு கடமுடாங்குது, நெஞ்சு படபடங்குது, கண்ணு சொக்குது. முதலில் உங்களைப் பற்றியே அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்: "அம்மாவுக்கு முட்டுது, போயிட்டு வர்றேன்." திரும்பி வந்ததும், "அப்பாடா, இப்பத்தான் லேசா இருக்கு." இந்த 'அப்பாடா'வை விட்டுவிடாதீர்கள், முட்டுவதற்கும் லேசாவதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் பிடிபடும்.

சில பிள்ளைகள் தாங்களே வார்த்தை கண்டுபிடிக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு குட்டி, எழ முடியாமல், "காலுக்குள்ள ரவை கொட்டுது டீச்சர்" என்றாள். மரத்துப்போச்சு என்று நான் திருத்தவில்லை. அப்புறம் எங்கள் மையத்தில் எல்லார் காலிலும் ரவைதான்!

விளையாட்டாகவும் பழக்கலாம். குளிர்ந்த நன்னாரி சர்பத் ஒரு வாய் கொடுத்து, "எதுவரைக்கும் சில்லுன்னு போகுது, விரலால காட்டு" என்று கேளுங்கள். தொண்டையில் தொடங்கும் விரல் நெஞ்சுக்குழி வரை இறங்கும். வாசலில் நாலு சுற்று ஓடவிட்டு நெஞ்சில் கை வைக்கச் சொல்லுங்கள். படபடப்பு அடங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. மத்தியானம் மல்லி மொட்டை முகரச் சொல்லி, அதே பூவைச் சாயங்காலம் விரிந்தபின் மறுபடி நீட்டுங்கள்.

சரி, டவுசர் விஷயம். ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருதரம், கேட்காமல் கூட்டிப்போங்கள். கேட்டால் 'இல்லை'தான் வரும். காலைப் பின்னினால், "கால் பின்னுதே, அடிவயிறு முட்டுதோ?" என்று அவன் கையை அங்கே வைத்துக் காட்டுங்கள். நனைந்துவிட்டால் மாற்று டவுசர், அவ்வளவுதான். இந்த வயதில் பகலில் நனைப்பது அபூர்வமில்லை.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: தினமும் வெளிக்குப் போகிறானா? மலம் இறுகிக் கிடந்தால் மூத்திரப்பையை அழுத்தும், இப்படித்தான் ஆகும். போகும்போது எரிச்சல், காய்ச்சல், அடங்காத தாகம் இருந்தாலோ, ஆறு மாசம் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்திருந்தாலோ, என் யோசனைகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.