ஞாயிற்றுக்கிழமைப் போரும் எட்டுப் பேர் சாப்பாடும்

கேள்வி: எனக்கு 36 வயது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வருடமாக மினியேச்சர் போர் விளையாட்டு, அதாவது சின்னச் சின்ன உருவங்களைப் படையாக மேசையில் நகர்த்தி, பகடை போட்டு ஆடும் ஆட்டம், ஆடி வருகிறேன். வார்ஹேமர் 40,000, பத்தாம் பதிப்பு. என் படை ஓர்க் என்ற அரக்கர் கூட்டம். குழுவில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். எல்லா ஞாயிறும் கோட்டையூரில் எங்கள் வீட்டில்தான் கூடுவோம். முகப்பில் நான்கு மேசை தாராளமாகப் போடலாம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் முடிய ஐந்தரை ஆகிவிடும். மதியம் எல்லோரும் ஆத்தா கையால் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆட்டத்தில் உட்காருவோம். ஆத்தாவுக்கு மூட்டு வலி உண்டு, ஆனாலும் நாலு பேருக்குச் சோறு போடுவது அவர்களுக்குச் சந்தோஷம்.

பிரச்சினை என் மனைவிதான். ‘கல்யாணம் ஆகிப் பிள்ளை பெத்த பிறகும் பொம்மை வச்சு விளையாட்டா’ என்கிறாள். ஞாயிறு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்தக் காலத்து ஜெர்மனியின் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் இப்படி ஆடித்தான் பயிற்சி எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இது பொம்மை விளையாட்டு இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்னொரு சந்தேகம். மதியச் சாப்பாடு தயாராகும் வரை சும்மா இருக்கும் நேரத்தில் வளவில் (நடுமுற்றத்தில்) வைத்து உருவங்களுக்கு பிரைமர் ஸ்ப்ரே, அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு, அடிக்கிறேன். மணல் தூவினது போல் சொரசொரப்பாக வருகிறது. ஏன்?

— பெயர் வேண்டாம், கோட்டையூர்

பதில்: தம்பி, மனைவிக்குப் புரியவைக்க வழி கேட்கிறீர்கள். உங்களுக்கே புரியாத ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘எல்லோரும் ஆத்தா கையால் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆட்டத்தில் உட்காருவோம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடங்கிவிட்டது.

ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றாலும் உங்கள் குழுவுக்கு மட்டும் 1 கிலோ 200 கிராம் உலையில் விழ வேண்டும். குழம்பு, ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், ஞாயிறு என்பதால் கோழியோ கறியோ ஒன்று. அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை யார் உரிக்கிறார்கள்? தேங்காய் துருவுவது யார்? உங்கள் ஊர் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. கடைசிக் கட்டில், அதாவது வீட்டின் கடைசிப் பகுதியில், இருக்கும் அடுப்படியிலிருந்து சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று மூட்டு வலிக்காரரின் கால்களைக் கேளுங்கள். நீங்கள் கை கழுவிவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் பகடையை எடுத்த பிறகு, இலை எடுத்து, இடம் துடைத்து, பாத்திரம் ஒதுக்கி, உங்கள் ஆத்தா எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள்? உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

‘அவர்களுக்குச் சந்தோஷம்’ என்கிறீர்கள். கேட்டீர்களா? வீடு தேடி வந்த பிள்ளைகளுக்கு முன்னால் எந்த ஆத்தாவும் முடியவில்லை என்று சொல்ல மாட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மகன் செய்யும் காரியம் இல்லை. வந்தவரை உபசரிப்பது செட்டிநாட்டு வீட்டின் பெருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் இதே வீடுகளில் சமையலுக்கு ஆள் வைக்கிறோம். வாரம் தவறாமல் வருகிறவர் விருந்தாளி கிடையாது. அவருக்குப் பொங்கிப் போடுவது உபசாரமும் ஆகாது. சம்பளம் இல்லாத வேலை.

இப்போது உங்கள் மனைவிக்கு வருகிறேன். ‘அடுப்படியை விட்டு வெளியே வருவதே இல்லை’ என்று குறை சொல்கிறீர்கள். எப்படி வருவார்? அங்கே பதினோரு பேர் சமையல் நடந்துகொண்டிருக்கிறது. அவர் கோபத்தில் உள்ளே போய் உட்காரவில்லை தம்பி, வேலை செய்துகொண்டிருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லவும் அவரால் முடியாது. ‘இவங்களுக்கு இனி சமைக்க வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், மாமியார் ஆசையாகப் போடும் சோற்றை மருமகள் தடுத்தாள் என்று ஆகிவிடும். சோற்றைச் சொல்ல முடியாதவர் பொம்மையைச் சொல்கிறார். நீங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரஷ்யாவுக்குப் போய்விட்டீர்கள். 1812-ல் பிரஷ்ய மன்னருக்குப் போர் ஆட்டத்துக்கான மேசை செய்து கொடுத்தவர் மூத்த ரைஸ்விட்ஸ், 1824-ல் விதிகளைத் திருத்தி ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கியவர் அவர் மகன். நீங்கள் சொன்ன வரலாறு சரிதான். மதியம் மூன்று மணிக்குப் பாத்திரம் ஒதுக்குகிறவருக்கு அதனால் என்ன பயன்?

ஆட்டத்தை விடச் சொல்லப்போவதில்லை. பொறுமையும் கைத்திறனும் கணக்கும் சேர்ந்த நல்ல ஆட்டம் அது. ஆனால் நீங்கள் ஆடும் விதம் தப்பு, அதுவும் இந்தச் சாப்பாட்டால்தான்.

விதிப்புத்தகப்படி 2000 பாயிண்ட் போருக்கு (பாயிண்ட் என்பது படையின் அளவுக்குப் போடும் மதிப்பு) மூன்று மணி நேரம். ஐந்தே சுற்று. நீங்கள் பத்து முதல் ஐந்தரை வரை ஆடுகிறீர்கள். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தாலும் ஆறு மணி நேரம், சரியாக இரண்டு பங்கு. மதியம் இலை விழும் என்று தெரிந்த எட்டுப் பேருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? சாப்பாடு இருப்பதால் ஆட்டம் நீள்கிறது, ஆட்டம் நீள்வதால் சாப்பாடு தேவைப்படுகிறது. இதை நீங்கள்தான் அறுக்க வேண்டும்.

முதலில் 1000 பாயிண்டுக்கு இறங்குங்கள். அதற்குப் புத்தகம் சொல்வது இரண்டு மணி நேரம். காலை எட்டரைக்கு முதல் நகர்வு, பதினொன்றரைக்கு முடிவு, பன்னிரண்டுக்கு முகப்பு காலி. மேசை, விரிப்பு, கட்டடங்கள், இடிபாடுகள் எல்லாம் சனிக்கிழமை இரவே நீங்களே போட்டுவிட வேண்டும். ஒரு நல்ல அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை யோசிக்காமல் அப்படியே அடுக்கலாம். படைப் பட்டியல் வெள்ளி இரவுக்குள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். காலையில் வந்து உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறவர் அன்றைக்குப் பார்வையாளர்.

ஓர்க் வைத்திருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரத்தைத் தின்பதே உங்கள் படையாக இருக்கும். 20 பேர் கொண்ட மூன்று கும்பல் இறக்கினால் 60 உருவம். ஒன்றை அளந்து வைக்க ஐந்து வினாடி என்றாலும் ஒரு நகர்வுக்கு ஐந்து நிமிடம். எதிரி மேல் பாயும் சார்ஜில் மறுபடி, கைகலப்பில் எதிரியோடு ஒட்டும்போது மறுபடி. ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள அணியில் ஒவ்வொரு உருவமும் தன் அணியின் வேறு இரண்டு உருவங்களுக்கு 2 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதைச் சரிபார்க்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் டேப் பிடித்தால் பொழுது அங்கேயே போய்விடும். முன்வரிசை ஐந்தை மட்டும் அளந்து வையுங்கள். மற்றவற்றை அவற்றின் பின்னால் அடித்தட்டுக்கு அடித்தட்டு (உருவத்தின் காலடியில் உள்ள வட்டத் தட்டு) நெருக்கமாக நிரப்புங்கள். நெருங்கி நிற்கிற கும்பலுக்குத் தனியாக அளக்கத் தேவையே இல்லை. முன்வரிசை தாண்டாத தூரத்தைப் பின்வரிசையும் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எதிரே இருப்பவரும் ஆட்சேபிக்க மாட்டார்.

பகடையும் அப்படித்தான். 20 ஓர்க், ஆளுக்கு மூன்று தாக்குதல் என்றால் 60 பகடை. 16 மி.மீ. பகடையைக் கை நிறைய அள்ளி மேசையில் எறிந்தால் பாதி கீழே உருளும், மீதி இடிபாட்டில் சாய்ந்து நிற்கும், பிறகு அது மூன்றா நான்கா என்று வாக்குவாதம். 12 மி.மீ. பகடை வாங்குங்கள். விளிம்பு உள்ள ஒரு தட்டில் இருபது இருபதாக மூன்று முறை உருட்டுங்கள். தவறியதை ஒதுக்குங்கள், பட்டதை எண்ணி, அதையே எடுத்து அடுத்த வீச்சு. விதியில் தகராறு வந்தால் புத்தகம் புரட்ட இரண்டு நிமிடம். கிடைக்கவில்லையா, ஒரு பகடை போட்டு 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஒருவர் பக்கம், இல்லையென்றால் மற்றவர் பக்கம் என்று முடித்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் தேடுங்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் வைத்துச் செஸ் கடிகாரம் ஓடட்டும், போனிலேயே கிடைக்கிறது. அது ஓடும்போதுதான், எதிராளி நகர்த்தும் நேரம் தனக்கு யோசிக்கும் நேரம் என்று எல்லோருக்கும் உறைக்கும்.

இன்னும் ஒன்று. துணியில் சுற்றி எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கும் பழக்கம் இருந்தால் காலையில் அரை மணி நேரம் போகும், உருவங்களின் கை வேறு உடையும். ஓர்க் வீரர்களின் 32 மி.மீ. அடித்தட்டுக்குள் 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனமுள்ள நியோடிமியம் காந்தம் ஒன்றை ஒட்டி, அடியில் இரும்புத் தகடு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் நிற்க வையுங்கள். காந்தம் தட்டின் விளிம்பைவிடக் கீழே துருத்தினால் உருவம் மேசையில் ஆடும், விளிம்போடு சமமாக ஒட்ட வேண்டும்.

குழுவுக்கு இந்தச் செய்தியை இன்றே அனுப்புங்கள்: ‘ஞாயிறு ஆட்டம் இனிக் காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை. 1000 பாயிண்ட். பட்டியல் வெள்ளி இரவு ஒன்பதுக்குள். வீட்டில் சாப்பாடு கிடையாது.’ கடைசி வாக்கியத்தை மழுப்பக் கை வரும். மழுப்பாதீர்கள். ‘ஆத்தாவுக்கு முடியலை’ என்றோ ‘வீட்டில் கொஞ்சம் பிரச்சினை’ என்றோ காரணம் எழுதினால் பழி மறுபடி இரண்டு பெண்கள் தலையில் விழும். முடிவு உங்களுடையது, உங்கள் பெயரிலேயே போகட்டும். சாப்பாடு இல்லை என்பதற்காக வருவதை நிறுத்துகிறவர் ஆட்டத்துக்காக வந்தவர் இல்லை.

வருடத்தில் இரண்டு நாள் முழுநாள் பெரும்போர் வேண்டும் என்றால் ஆடுங்கள். அன்றைக்கு எட்டுப் பேரும் காசு போட்டு மெஸ்ஸில் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு முதலில் பரிமாறுங்கள், இலை எடுப்பதும் குழுவின் வேலை. ஆத்தா வந்து ‘என்னப்பா, பிள்ளைங்க சாப்பிடாமப் போறாங்களே’ என்று வருத்தப்படுவார்கள். நிச்சயம் வருத்தப்படுவார்கள். அதற்காக அடுத்த வாரமே பழையபடி ஆரம்பித்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு மேசையை மடித்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய் வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் கையில் எடுங்கள். மனைவியிடம் ஆட்டத்தைப் பற்றி எதுவும் விளக்க வேண்டாம். அவராகக் கேட்டால் அப்போது சொல்லுங்கள். பிள்ளை பெற்றவர் என்று உங்கள் மனைவி சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பற்றி நீங்களாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஞாயிறு மதியம் இனி அந்தப் பிள்ளைக்கு.

பிரைமர் விஷயம். உச்சி வெயிலில் திறந்த வளவில் அடிக்கிறீர்கள். ஸ்ப்ரேயிலிருந்து கிளம்பும் துளி உருவத்தைத் தொடுவதற்கு முன்பே சூட்டிலும் காற்றிலும் காய்ந்து தூளாகி ஒட்டுகிறது. அதுதான் மணல். தள்ளி நின்று அடித்தால் இன்னும் மோசமாகும். காலை வெயில் ஏறுவதற்குள், நிழலில், காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், உருவத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே கொண்டுபோய் விடுங்கள். ஒரே பூச்சில் மூட நினைக்காமல் மெல்லியதாக இரண்டு மூன்று முறை, நடுவில் கால் மணி நேரம் விட்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துப் போகும், அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி. டப்பாவிலிருந்து பூச்சைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பு எரிகிற நேரத்தில் அடுத்த கட்டில் நின்று அடித்திருக்கிறீர்கள், இனி ஒருநாளும் வேண்டாம். வற்றலும் மோர்மிளகாயும் காய்கிற வளவு அதற்கான இடமே இல்லை. கொல்லைப்பக்கம் போங்கள், முகமூடி போடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன பிளாஸ்டிக் உருவங்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பூச்சு உரிந்து வரும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும். ரெசின் உருவம் என்றால் உடைந்த ஒரு துண்டில் முதலில் போட்டுப் பாருங்கள். ஊறவைக்க ஒரு பழைய டப்பாவைத் தனியாக ஒதுக்குங்கள், அடுப்படிப் பாத்திரத்தை எடுக்க வேண்டாம்.