தலையணை: ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் நாகர்கோவில்காரி. ஊரில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது இரண்டு வருஷமாக நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு மவோரி பாட்டிக்கு, இந்த நாட்டின் பூர்வகுடி அவர்கள், கால் வீங்கியிருந்தது. கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்துக் காலுக்கு அடியில் வைத்தேன். அவர் மகள் அதைச் சட்டென்று உருவி, "இது அம்மா தலைக்கு வைத்தது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இங்கே 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று ஒரு பயிற்சி உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸுகளும் படிக்க வேண்டும். எனக்கு எல்லா நோயாளியும் ஒன்றுதான், யாரையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. அப்புறம் எனக்கு எதற்கு இந்தப் பாடம்? நேர விரயம் என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு செவிலியர், ஆக்லாந்து

அன்புள்ள சகோதரிக்கு,

நல்லது செய்யப் போன இடத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாடம் வீண் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மவோரிகளுக்குத் தலை 'தபு'. புனிதம், விலக்கு இரண்டும் சேர்ந்த சொல் அது. தலைக்கு வைத்ததைக் காலுக்கு வைக்கக்கூடாது. அங்கே சில ஆஸ்பத்திரிகளில் தலைக்கு ஒரு நிறம், உடம்புக்கு வேறு நிறம் என்று தலையணை உறையே தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பிரசவ வார்டுக்குப் போனால் இன்னொன்று பார்ப்பீர்கள். மவோரி மொழியில் 'ஃபேனுவா' என்றால் நிலம், நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் மண்ணில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அதை ஆஸ்பத்திரிக் கழிவோடு கழிவாக எரித்துவிட்ட காலம் ஒன்று இருந்தது, எரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் எல்லாத் தாய்மாரும் ஒன்றுதான்.

சரி, இதையெல்லாம் மனப்பாடம் செய்வதற்காகவா அந்தப் பயிற்சி? இல்லை. அதற்கு வடிவம் கொடுத்த இரிஹாபெட்டி ராம்ஸ்டன் உங்களைப் போலவே ஒரு நர்ஸ், மவோரிப் பெண். 1988ல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் முதலாண்டு மவோரி நர்சிங் மாணவி ஒருவர், சட்டப்படி பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனார் ராம்ஸ்டன். 1992ல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்பு, 1995ல் நாடாளுமன்றக் குழுவே விசாரிக்கிற அளவுக்குப் போனது. ஆனாலும் பாடத்தை எடுக்க முடியவில்லை.

இனம், நிறம், மதம் பாராமல் சேவை செய் என்றுதான் நர்ஸுகளுக்குக் காலம்காலமாகச் சொல்லி வந்தார்கள். ராம்ஸ்டன் அதைத் திருப்பிப் போட்டார். பாராமல் செய்யாதே, பார்த்துச் செய் என்பது அவர் கட்சி. அதற்காக மவோரிச் சடங்குகளில் நீங்கள் நிபுணராக வேண்டாம். படுத்திருப்பவர் யார், கையில் ஃபைலோடு நிற்பவர் யார், நமக்குச் சாதாரணமாகத் தெரிவது எங்கிருந்து வந்தது என்று நம்மைப் பற்றி நாமே யோசிக்க வேண்டும். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை நர்ஸ் சொல்ல முடியாது, வாங்கிக்கொண்டவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டருக்குப் போகுமுன் ஒரு நர்ஸ் வந்து தாலியைக் கழற்றச் சொன்னார். உலோகம் இருக்கக்கூடாது, சரிதான். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார், அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஷிஃப்ட் மாறி வந்த இன்னொரு நர்ஸ், கழுத்தில் சிலுவை போட்டவர், "ஒரு மஞ்சள் கயித்துல மஞ்சத்துண்டு கட்டிப் போட்டுக்கிட்டு அப்புறம் இதைக் கழட்டலாமாம்மா?" என்று கேட்டார். அப்பா கடைக்கு ஓடினார். அம்மா இன்றைக்கும் டாக்டர் பெயரைச் சொல்லமாட்டாள், அந்த நர்ஸைத்தான் சொல்வாள்.

பயிற்சி என்ற பெயரில் மோசமாகவும் நடத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டு, மவோரிகள் இப்படி, இந்தியர்கள் இப்படி, சீனர்கள் அப்படி என்று பட்டியல் கொடுத்து அனுப்பினால் அது கெடுதல். அதில் உங்கள் பக்கம்தான் நான். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு இனத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதை ராம்ஸ்டனே ஏற்கவில்லை. அவர் சொன்ன பண்பாட்டில் வயது, வேலை, வறுமை, புலம்பெயர்ந்து வந்த அனுபவம் எல்லாம் அடக்கம். அந்தக் கணக்கில் அங்கே நீங்களும் ஒரு சிறுபான்மைதான்.

இன்னொன்று. 2017–19 கணக்கில் மவோரிகளின் சராசரி ஆயுள் மற்ற நியூசிலாந்தர்களைவிட ஏழு ஆண்டுக்கும் மேல் குறைவு. தலையணை உறையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பறிபோன நிலம், வறுமை, வீடு என்று அது வெகுதூரம் போகிறது. ஆனால் ஒரு முறை அவமானப்பட்டுத் திரும்பிய பாட்டி அடுத்த முறை நெஞ்சு வலித்தாலும் வரத் தயங்குவார், அந்தத் தயக்கம் உங்கள் வார்டில்தான் உருவாகிறது, அல்லது கரைகிறது.

அந்தப் பாட்டி இன்னும் அங்கே இருந்தால், மகளிடம் போய், "அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, அம்மாவைக் கவனிக்கும்போது வேறு என்ன நான் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.