ட்ரோன் நேரலை ஏன் நின்றுபோகிறது? வாசகர் கேள்விகள் சில

கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் ட்ரோனில் 4ஜி சிம் போட்டுக் கூட்டத்தைக் கண்காணித்தோம். மதியம் வரை அருமையாக வந்த படம் சாயங்காலம் உறைந்துவிட்டது. சிக்னல் மட்டும் ஃபுல்லாகவே காட்டியது.

சிக்னல் கட்டையை நம்பாதீர்கள். டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் அது காட்டும், அதே டவரில் எத்தனை ஆயிரம் பேர் தொங்குகிறார்கள் என்பதைக் காட்டாது. தீபம் ஏற்றும் நேரத்தில் கீழே நிற்கிற எல்லாரும் வீடியோ எடுத்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், உங்கள் ட்ரோனும் அதே அப்லோட் வரிசையில்தான் நிற்கவேண்டும், அந்தப் பாதையோ டவுன்லோடைவிடக் குறுகல். வேறு கம்பெனி சிம் ஒன்றைச் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். உருப்படியான வழி, 5.8 கிகாஹெர்ட்ஸில் சொந்த ரேடியோ லிங்க்: உயரமான மொட்டை மாடியில் டைரக்‌ஷனல் ஆன்டெனா வைத்துப் படத்தை வாங்கி, அங்கிருந்து ஃபைபரில் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்புங்கள். ட்ரோன் ஒரே இடத்தில் நின்றால் போதும் என்றால் கேபிள் கட்டிய ட்ரோன் இன்னும் நல்லது, கரன்ட்டும் டேட்டாவும் கேபிளிலேயே போய்விடும். 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் இந்த வகையைப் பயன்படுத்தினார்கள். அப்புறம், ட்ரோனை ஓட்டும் கட்டளையைத் தயவுசெய்து அந்த சிம்மில் விடாதீர்கள். படம் போனால் போகட்டும், கட்டுப்பாடு போகக்கூடாது.

தரையில் 4ஜி பிரமாதம், 100 மீட்டர் ஏறினால் படு மோசம். ஏன்?

டவர் ஆன்டெனாக்களை ரோட்டில் போகிறவர்களுக்காகக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேலே உங்களுக்குக் கிடைப்பது ஓரத்தில் கசிகிற அலைதான். அதைவிடப் பெரிய தொல்லை, மறைக்க எதுவும் இல்லாததால் தூரத்து டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும், மோடம் எதைப் பிடிப்பது என்று தாவிக்கொண்டே இருக்கும். மோடத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) மட்டும் பார்க்காமல் எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீடு, இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு என்ற அளவு) பாருங்கள். முதலாவது மைனஸ் 85 என்று அழகாக இருந்து இரண்டாவது பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தால், குறுக்கீடுதான் பிரச்சினை. 50, 60 மீட்டருக்கு இறக்கிப் பாருங்கள், பல இடங்களில் அதுவே போதும்.

பெட்டியில் 8 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, தென்னந்தோப்பு தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கே படம் உடைகிறது.

அது தடையும் குறுக்கீடும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. பச்சை ஓலையில் இருக்கிற தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். ரிமோட்டில் குச்சி ஆன்டெனா என்றால் அதன் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள், அந்தத் திசையில்தான் அலை மிகக் குறைவு, பக்கவாட்டைக் காட்டுங்கள். எப்படியும் நம் ஊர் விதிப்படி சாதாரணமாக ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் பறக்கவேண்டும்.

லோராவில் (குறைந்த கரன்ட்டில் சின்னத் தகவல்களைத் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ முறை) வீடியோ அனுப்பலாமா?

முடியாது. 720பி படத்துக்கே சுமார் 2 எம்பிபிஎஸ், அதாவது 2000 கேபிபிஎஸ் வேண்டும், லோரா சில பத்து கேபிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. பேட்டரி அளவு, இருக்கும் இடம் மாதிரி தகவல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் ரூமில் படம் சில விநாடி தாமதமாக வருகிறது.

ஆர்டிஎம்பியில் (நேரலைப் படத்தை சர்வருக்கு அனுப்பும் முறை) யூடியூப் வழியாகச் சுற்றி வந்தால் அப்படித்தான் வரும். வெப்ஆர்டிசிக்கு (பிரவுசரிலேயே உடனுக்குடன் படம் காட்டும் முறை) மாறுங்கள், நெட் சரியாக இருந்தால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும்.