ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. பட்டியல்: தப்பு எங்கே நுழைகிறது?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்காக ஆண்டிபட்டித் தொகுதி எம்.எல்.ஏ.க்கள் பட்டியலைத் தயாரிக்கிறேன். கிடைத்த பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சரியானதை எப்படித் தொகுப்பது?

பதில்: "தேர்தல் ஆண்டு, வென்றவர்" என்று இரண்டு பத்திகள் மட்டும் போட்டால் ஆண்டிபட்டிக்குப் பட்டியல் கட்டாயம் தப்பாகும். எத்தனையாவது சட்டமன்றம், பெயர், கட்சி, பதவியில் இருந்த காலம், பதவி முடிந்த விதம் என ஐந்து பத்திகள் போடுங்கள். கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் விடுபட்ட பெயர்கள் கண்ணில் படும்.

2001-ஐப் பாருங்கள். ஜெயலலிதாவின் வேட்புமனு தள்ளுபடியானதால் மாற்று வேட்பாளர் தங்க தமிழ்ச்செல்வன் நின்று வென்றார். பிறகு ராஜினாமா செய்தார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா ஜெயித்து, மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். ஆக 12-ஆவது சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதியில் இரண்டு வரிகள் வேண்டும். தேர்தல் ஆணையத்தின் பொதுத்தேர்தல் புள்ளிவிவர அறிக்கையை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதில் இடைத்தேர்தல் முடிவுகள் இருக்காது. அவற்றைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும்.

15-ஆவது சட்டமன்றத்திலும் இதே கதைதான். 2016-இல் வென்ற தங்க தமிழ்ச்செல்வனை 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் மற்ற 17 பேருடன் தகுதிநீக்கம் செய்தார். காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொன்னாலும், வழக்கு நடந்ததால் இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் வந்தது. திமுகவின் ஆ. மகாராஜன் தன் உடன்பிறந்தவரான அதிமுக வேட்பாளர் லோகிராஜனை எதிர்த்து நின்று வென்றார். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டைக் "காலியிடம்" என்றே குறியுங்கள். யாருடைய காலத்தோடும் ஒட்டிவிடாதீர்கள். இந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்த பிறகும் அப்படித்தான்: அடுத்த மாதமே சட்டமன்றம் கலைக்கப்பட்டதால் இடைத்தேர்தலே நடக்கவில்லை. 1989 பொதுத்தேர்தலில் திமுகவின் ஆசையன் வந்தார்.

அந்த 1989-இல் தோற்றவர்களையும் சேர்ப்பதாக இருந்தால் கவனம் தேவை. அப்போது அதிமுக இரண்டாகப் பிரிந்து, இரட்டை இலை முடங்கியிருந்தது. இங்கே நின்ற வி.என். ஜானகியின் பெயருக்கு எதிரே வெறுமனே "அதிமுக" என்று எழுதக் கூடாது, ஜானகி அணி என்பதைக் காட்ட "அதிமுக (ஜா)" என்று எழுத வேண்டும். பொதுவாகவே, கட்சிப் பத்தியில் வென்ற நாளில் இருந்த கட்சிதான் வர வேண்டும். தங்க தமிழ்ச்செல்வன் 2024-இல் திமுக சார்பில் தேனி எம்.பி. ஆனார், ஆனாலும் 2001, 2011, 2016 வரிகளில் அவர் அதிமுகதான்.

நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் விஷயத்தில் அடிக்கடி குழப்பம் வரும். 1962-இல் அவர் திமுகவுக்காக வென்றது தேனித் தொகுதியில். ஆண்டிபட்டியில் வென்றது 1980-இல், அதிமுகவுக்காக. தேனி சட்டமன்றத் தொகுதியே 2008-இல் தொகுதி எல்லைகளைத் திருத்தியமைத்த மறுவரையறையில் போய்விட்டதால், அவருடைய இரண்டு வெற்றிகளையும் ஆண்டிபட்டிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

மறுவரையறையால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆண்டிபட்டிக்கு இப்போது எண் 198. 2011-க்கு முந்தைய அறிக்கைகளில் எண் வேறு. எண்ணை வைத்துத் தேடினால் வேறு ஊர்த் தொகுதிதான் கிடைக்கும், பெயரை வைத்தே தேடுங்கள். எல்லையும் அதேதான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கிராமம் எந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியில் இருந்தது என்பதை மறுவரையறை ஆணையின் அட்டவணையில் கிராமப் பெயரைத் தேடித்தான் உறுதிசெய்ய முடியும். 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட எல்லை 1977 முதல் 2006 தேர்தல் வரைக்கும், 2001 கணக்கை வைத்துப் போட்டது 2011 முதலும் பொருந்தும்.

1952, 1957 தேர்தல்களுக்குப் போகும்போது இரட்டை உறுப்பினர் தொகுதிகள் குறுக்கிடும். ஒரே தொகுதியில் இரண்டு வெற்றியாளர் பெயர்கள் இருந்தால் அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிடாதீர்கள்; 1961-இல் சட்டம் போட்டு நீக்கும்வரை அந்த முறை நடைமுறையில் இருந்தது.