என் 5 வயது மகன் வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடுவதில்லை. பட்டினி போட்டால் வழிக்கு வருவானா?

வரமாட்டான். இந்த யோசனையை உங்களுக்கு வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் சொன்னது பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மாயி. "பசி எடுத்தால் கல்லையும் தின்பான், விடு" என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பார்த்தோம். பையன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் எனக்குத்தான் கை நடுங்கியது.

நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கணவர் வீட்டில் சிவப்பு மட்ட அரிசி, எனக்கு வெள்ளைப் பொன்னி. அதனால் இரண்டு பானை. பொன்னிச் சோற்றில் தவறி ஒரே ஒரு சிவப்புப் பருக்கை விழுந்திருந்தாலும் என் மகன் கண்டுபிடித்துவிடுவான். இரண்டு விரலால் அதை எடுத்துத் தரையில் வைப்பான், பிறகு தட்டையே தள்ளிவிடுவான். இதைத் திமிர் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு மதியம் மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஓர் உருண்டை தயிர்சாதத்தைத் திணித்தேன். ஓங்கரித்தான், முகம் சிவந்தது, எல்லாம் என் புடவையில் வந்தது. மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. அதுவரை ஆசையாகச் சாப்பிட்டுவந்த வெறும் தயிரும் அன்றோடு போயிற்று. வெள்ளைக் கிண்ணத்தைக் கண்டாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "எங்கள் காலத்தில் இப்படியா வளர்த்தார்கள்" என்று கீழே எழுத வருகிறவர்கள் முதலில் இந்தப் பத்தியைப் படிக்கட்டும். கண்டிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

இரண்டிலிருந்து ஆறு வயதுவரை புது உணவுக்குப் பயப்படுவது பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பதுதான், தானே தணிந்துவிடும். ஆனால் சாப்பிடும் வகைகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ காத்திருக்காதீர்கள். உணவைத் தவிர்க்கும் இந்தச் சிக்கலின் கடுமையான வடிவத்துக்கு 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஆர்ஃபிட் என்று பெயரே கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் மருத்துவரும் இல்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டி இரத்தசோகை, மலச்சிக்கல் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு மையம் இருக்கும், கட்டணம் கிடையாது.

எங்களுக்கு வழிகாட்டியது ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிறவர். அவன் முறுக்கு தின்பதைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னது: முறுக்கு ஒவ்வொரு கடியிலும் ஒரே மாதிரி, தயிர்சாதத்தில் ஒரு வாய் குழைவு, ஒரு வாய் கடுகு, ஒரு வாய் கறிவேப்பிலை. அவன் வாய்க்கு அது நம் வாய்க்குத் தெரிவதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆகவே மொறுமொறுப்பிலிருந்தே தொடங்கினோம். முறுக்குக்குப் பக்கத்தில் முறுகல் தோசையின் ஓரம், விரல்நகம் அளவு. முதலில் தொட்டால் போதும். பிறகு முகர்ந்தால் போதும். நக்கிவிட்டுத் துப்பலாம், துப்புவதற்கென்று ஒரு கிண்ணம். ஓரத்திலிருந்து தோசையின் நடுப்பகுதிக்கு வர மூன்று மாதம் ஆனது. என்ன, எப்போது, எங்கே என்பது நம் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு என்று எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த முறையையும் அந்தத் தெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். கேட்கச் சுலபம். தட்டு அப்படியே திரும்பி வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு.

      

மகனுக்கு இப்போது ஏழு வயது. கல்தோசை சாப்பிடுகிறான், பருப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தொட்டுக்கொள்கிறான். சிவப்புப் பருக்கையை இன்னும் பொறுக்கி எடுக்கிறான், ஆனால் தட்டைத் தள்ளுவதில்லை. ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறான். தயிரை மட்டும் இன்றுவரை தொடவில்லை.