சைவப் பூனை

அன்புள்ள ஐயா,

எங்கள் பூனை மணிக்கு ஏழு வயது. கண் திறக்காத குட்டியாக வந்தவன். மூன்றாம் மாடி ஃபிளாட், பால்கனிக்கு வலை போட்டிருக்கிறோம், வெளியே விட்டதே இல்லை. சில மாதங்களாகக் கதவு நிலையில் முட்டிக்கொள்கிறான். பகல் வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருக்கிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணும் போய்விட்டது, இனி வராது என்றார். குருட்டுப் பூனை வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். ஊசி போட்டு அனுப்பிவிடலாம், பாவம் கஷ்டப்பட வேண்டாம் என்கிறான் மகன். நாங்கள் சுத்த சைவம். மணியும் அப்படித்தான், பாலும் தயிர்சாதமும் தவிர எதையும் தொட்டதில்லை. இந்த நிலையில் அவனை வைத்துக்கொண்டிருப்பது எங்கள் சுயநலமா?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

ஊசி வேண்டாம். மாமியார் சொன்னதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. சுயநலமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் பெருமையோடு போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. 'மணியும் அப்படித்தான்.'

பூனையில் சைவம் கிடையாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நாயின் உடம்பு பெரும்பாலும் அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு முடியாது. இருப்பதையும் பித்தநீரோடு தினம் கொஞ்சம் இழந்துகொண்டிருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டுவது இறைச்சியும் மீனும்தான். அரிசியிலும் பருப்பிலும் டாரின் இல்லை, பாலில் இருப்பது பூனைக்குக் காணாது. அது குறைந்தால் விழித்திரையின் நடுவிலிருந்து செல்கள் சாக ஆரம்பிக்கும். மாதக்கணக்காக, வலியே இல்லாமல். வீட்டில் யாருக்கும் தெரியாது. இது 1975-லேயே ஆராய்ச்சியில் வெளிவந்த விஷயம். இதே குறைவால் பூனையின் இதயம் பெருத்துத் தளர்ந்துபோகிறது என்பது 1987-ல் தெரிந்தது.

எங்கள் பாட்டி வீட்டுப் பூனை பால்சோறு தின்றே பதினைந்து வருஷம் இருந்ததே என்பீர்கள். யாரிடம் இதைச் சொன்னாலும் இதே பதில்தான் வருகிறது, எனக்குக் கோபமும் வருகிறது. அந்தப் பூனை பால்சோற்றில் வாழவில்லை. ராத்திரி ஓட்டின்மேலும் நெற்குதிருக்கு அடியிலும் எலி பிடித்துத் தின்று வாழ்ந்தது. விடிந்ததும் வந்து பாட்டி வைத்த பாலை நக்கிவிட்டு அவள் மடியில் படுத்தது. தன் கைச்சோற்றில் வளர்ந்த பூனை என்று பாட்டி நம்பினாள். அந்த நம்பிக்கையால் பூனைக்கு ஒரு கெடுதலும் இல்லை. நீங்கள் பால்கனிக்கு வலையைக் கட்டி எலி, பல்லி, அணில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாட்டியின் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாமல்லபுரத்துப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் காலடியில் எலிகளையும் செதுக்கி வைத்தான் சிற்பி. அவனுக்குப் பூனையைத் தெரியும்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்குக் காரணம் உண்டு.

1990-ல் கும்பகோணத்து வீட்டை விட்டு நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். அம்மா பூனையைக் கூடையில் வைத்து, ரயிலில் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். தெருவில் நாய் தொல்லை என்று வெளியே விடவில்லை. அங்கே இருந்தவரை தோட்டத்தையே கலக்கியவன், இங்கே தயிர்சாதத்தோடு அடங்கினான். மூன்று வருஷத்தில் பார்வை போய்விட்டது. வயசு என்று நினைத்துக்கொண்டோம்.

குருடனாக இரண்டு வருஷம் இருந்தான். நன்றாகத்தான் இருந்தான். பால் பாக்கெட் போடுகிற சத்தத்துக்கு வாசலுக்கு வருவான். அப்பாவின் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே கண்டுகொள்வான். மீசை சுவரில் உரச, ஓரமாகவே நடந்து சமையலறைக்குப் போவான். அந்த வருஷம் நவராத்திரிக்கு அம்மா கூடத்தை அடைத்து ஒன்பது படி கட்டினாள். நேரே வந்தவன் மரப்படியில் மூக்கை மோதிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனான். மூன்று நாள் சாப்பிட வரவில்லை. அடுத்த வருஷம் மூன்றே படி, ஜன்னலோரமாக, அவன் நடக்கிற வழியை விட்டு. சுண்டலுக்கு வந்தவர்கள், என்ன மாமி இவ்வளவு சின்னதாக என்று கேட்டார்கள். "அவனுக்கு வழி வேணுமே" என்றாள் அம்மா.

1995-ல் ஒருநாள் காலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் பெருத்திருக்கிறது என்றார். சாயங்காலம் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து டாரினைப் பற்றிப் படித்தேன். படித்த சூட்டில், யோசிக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்போ நான்தான் அவன் கண்ணைக் கெடுத்தேனா?" என்றாள். அப்போது நமக்குத் தெரியாதேம்மா என்றேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் சொன்னாள்: "தெரிஞ்சிருந்தா மீன் வாங்கியிருப்பேன்." பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் அவள்.

மணிக்கும் இதேதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. சிறுநீரகம் கெட்டு ரத்த அழுத்தம் ஏறினாலும் பூனைக்கு விழித்திரை கழன்று பார்வை போகும். டார்ச் மட்டும் போதாது. ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்காகப் போன பார்வை பெரும்பாலும் வராது. இதயம் கெட்டது டாரின் குறைவால் என்றால், நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் தேறும். ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அதற்கு உதவட்டும்.

சுயநலமா என்று கேட்டீர்கள். அவனுக்கு வலி இல்லை. உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காதைத் திருப்புகிறான் இல்லையா? பிறகு என்ன கேள்வி?

அடுப்பங்கரைக்குள் மீன் வரக்கூடாது என்றால் பால்கனியில் ஒரு கரண்ட் அடுப்பு வையுங்கள். கோழி இதயமோ சாளை மீனோ, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும், ஆகவே வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்தே வையுங்கள். அதுவும் முடியாது என்றால் டாரின் சேர்த்த பூனைத் தீனி கடையில் கிடைக்கிறது, பையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஏழு வருஷம் தயிர்சாதம் தின்ற நாக்கு, முதல் நாளே ஏற்காது. சாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து பழக்குங்கள். தட்டை மட்டும் பழைய இடத்திலேயே வையுங்கள்.